எதிர்க்கரையில் கொடி மாறினால் எல்லைக் கேட்டை என்ன செய்வது?

மிசோரமின் சம்பாய் மாவட்டத்தில் எல்லையோரக் கடைசி ஊர் சோக்கவ்தார். ஊருக்குக் கீழே தியாவ் ஆறு. தண்ணீர் வற்றிய மாதங்களில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினால் அக்கரை சேர்ந்துவிடலாம். ஆற்றின் மேல் ஒரு பாலம். அதன் அந்த முனையில் மியான்மரின் ரிக்கவ்தார். 2023 நவம்பர் 13 அன்று, மியான்மரின் ராணுவ ஆட்சியை எதிர்க்கும் சின் இனப் போராளிகள் அங்கிருந்த ராணுவ முகாமைப் பிடித்தார்கள். சண்டைக்குப் பயந்து சுமார் 5,000 பேர் இக்கரைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, முகாமை இழந்த சிப்பாய்கள் நாற்பது பேருக்கு மேல் வந்து மிசோரம் போலீசிடம் சரணடைந்தார்கள்.

அந்தச் சிப்பாய்களை இந்தியா திருப்பி அனுப்பிய விதத்தைக் கவனியுங்கள். பாலத்தைத் தாண்டினால் அவர்கள் நாடு. ஆனால் பாலத்தின் மறுமுனையில் நிற்பவர்கள் அவர்களைத் தோற்கடித்தவர்கள். அதனால் ஹெலிகாப்டரில் ஏற்றி மணிப்பூரின் மோரேவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து எதிரிலுள்ள மியான்மர் ஊரான தமு வழியாக அனுப்பினார்கள். தமு அப்போதும் ராணுவத்தின் கையில் இருந்தது. ஒரே நாட்டுக்குள் நுழைய இரண்டு கேட், இரண்டையும் வேறு வேறு ஆட்கள் வைத்திருக்கிறார்கள்.

உள்நாட்டுப் போரில் கிளர்ச்சியாளர்கள் ஓர் எல்லைச் சாவடியைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் பெரும்பாலோர் கேட்பது, போரில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இந்தப் பக்கத்து அரசின் முடிவு. சாவடி என்பது இரண்டு பாதி. ஒரு பாதியைத்தான் துப்பாக்கியால் பிடிக்க முடியும். மறுபாதி பக்கத்து நாட்டிடம் இருக்கிறது. அது திறந்தால்தான் பிடித்தவனுக்கு வரி வரும், மக்களுக்கு மருந்து வரும். அதனால் அந்த நாடு எடுக்கும் முடிவு, அக்கரை மக்களுக்குப் போரைப் போலவே முக்கியமானது.

2012-இலிருந்து இந்த இக்கட்டில் மாட்டிய நாடுகள் நான்கு விதமாக நடந்துகொண்டன. அடைத்துவிட்டது ஜோர்டான். பாதி திறந்து கோட்டில் வைத்துச் சரக்கை மாற்றியது துருக்கி. கேட்டையே கடிவாளமாகப் பிடித்தது சீனா. யார் நின்றாலும் வியாபாரம் நடக்கட்டும் என்று இருந்தது தாய்லாந்து. இந்தியா இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வந்தாக வேண்டும் என்பதால்தான் இந்த ஒப்பீடு.

அடைப்பு: ஜோர்டான்

2015 ஏப்ரல் 1 அன்று சிரியாவின் நசீப் சாவடி கிளர்ச்சியாளர்களிடம் விழுந்தது. ஜோர்டான் பக்கத்தில் அதற்கு ஜாபிர் என்று பெயர். ஜோர்டான் தன் பக்கத்தை இழுத்து மூடியது. அந்த முடிவில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஜோர்டான் விமானி ஒருவரை ஐ.எஸ். உயிரோடு எரித்த வீடியோ வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நசீபுக்குள் நுழைந்தவர்களில் ‘தெற்கு முனை’ என்ற கூட்டணியின் கிளர்ச்சியாளர்களோடு அல்-கொய்தாவின் கிளையான நுஸ்ரா முன்னணியின் ஆட்களும் இருந்தார்கள். இரு நாடுகளுக்கும் பொதுவான வரியில்லா மண்டலத்தில் கொள்ளை நடந்தது. லெபனான் லாரி டிரைவர்கள் சிலர் பிடித்துவைக்கப்பட்டார்கள். அன்று மாலை எந்த உள்துறை அமைச்சரும் பூட்டைத்தான் தேடியிருப்பார்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். பூட்டுப் போட்டவர்கள் மூன்றரை வருடம் அதைத் திறக்கவில்லை. சிரியா வழியாகத் துருக்கிக்கும் ஐரோப்பாவுக்கும் போன ஜோர்டான் சரக்கு நின்றது. வளைகுடாவுக்குப் போக வேண்டிய லெபனான் பழங்கள் கப்பல் ஏறின. ரம்தா என்ற எல்லை நகரத்தில் ‘பஹ்ஹாரா’ என்று ஒரு கூட்டம் உண்டு. அந்தச் சொல்லுக்குக் கடலோடிகள் என்று அர்த்தம், ஆனால் அவர்கள் ஓட்டியது கார். சிரியாவிலிருந்து துணியும் தின்பண்டமும் சோப்பும் காரில் ஏற்றிவந்து விற்று வாழ்ந்த டிரைவர்கள். அவர்கள் பிழைப்பு அத்தோடு போயிற்று. ரம்தா கடைத்தெருவே அவர்களை நம்பி இருந்தது.

இன்னும் கொடுமை ருக்பானில் நடந்தது. அது ஜோர்டானின் வடகிழக்கு மூலையில் இரண்டு மண்கரைகளுக்கு நடுவே சிரிய அகதிகள் ஒண்டியிருந்த வெறும் பாலைவனம். 2016 ஜூன் 21 அன்று அங்கே ஒரு கார் குண்டு ஜோர்டான் வீரர்களைக் கொன்றது. எல்லை முழுவதும் மூடப்பட்ட ராணுவப் பகுதியானது. குண்டு வைத்தவர்கள் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டவர்கள் பல்லாயிரம் குடும்பங்கள். அவர்களுக்கு ஐ.நா. உணவைக் கொடுத்த முறை, மண்கரைக்கு மேலாகக் கிரேனில் தூக்கி அந்தப் பக்கம் இறக்கியது. 2016-இல் அப்படிச் செய்தார்கள், 2018 ஜனவரியில் மறுபடியும் செய்தார்கள். மாவு மூட்டை போகும், மனிதன் வரக்கூடாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சரி, அடைத்ததால் ஜோர்டானுக்குக் கிடைத்தது என்ன? 2018 ஜூலையில் ரஷ்ய விமானங்களின் துணையோடு அப்போதைய சிரிய அதிபர் அசாத்தின் படை நசீபை மீட்டது. அக்டோபர் 15 அன்று கேட் திறந்தது. சட்டப்படியான அரசு மறுமுனைக்கு வந்துவிட்டது, இனி நிம்மதி என்றுதான் நினைத்திருப்பார்கள். வந்ததோ கேப்டகன் போதை மாத்திரை. அசாத் அரசின் கையிலிருந்த தென்சிரியாவிலிருந்து கடத்தல்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 27 கடத்தல்காரர்களை ஜோர்டான் ராணுவம் சுட்டுக் கொல்ல வேண்டி வந்தது. கிளர்ச்சியாளன் கையில் இருந்தால் கேட் அசுத்தம், அரசின் கையில் இருந்தால் சுத்தம் என்ற கணக்கு அங்கேயே பொய்த்துவிட்டது.

பாதித் திறப்பு: துருக்கி

இந்த நான்கில் நீளமான கதையும் எனக்கு அதிகம் கற்றுத் தந்த கதையும் பாப் அல்-ஹவாவுடையது. அரபியில் ‘காற்றின் வாசல்’. துருக்கிப் பக்கம் அதை ஜில்வெகோசு என்கிறார்கள். 2012 ஜூலை 19 அன்று கிளர்ச்சியாளர்கள் அதைப் பிடித்தார்கள். முதல் இரண்டு மூன்று நாளில் அங்கே நின்ற துருக்கி லாரிகள் பல சூறையாடப்பட்டன, சில கொளுத்தப்பட்டன. துருக்கியும் அடுத்த வாரமே வாகனங்களுக்கு எல்லையை மூடியது. தொடக்கம் ஜோர்டானைப் போலத்தான்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. எல்லைக்கோட்டுக்குப் ‘பூஜ்யப் புள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். துருக்கி லாரி கோடு வரை வரும். சிரியா லாரி அந்தப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வந்து நிற்கும். மூட்டைகள் ஒரு லாரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். எந்த நாட்டு டிரைவரும் அடுத்த நாட்டுக்குள் போகவில்லை, எந்த அரசும் எந்தக் கிளர்ச்சிக் குழுவையும் அங்கீகரிக்கவில்லை. மாவும் போர்வையும் மருந்தும் மட்டும் போய்ச் சேர்ந்தன. எனக்கு இது எளிமையான, மனிதத்தனமான யோசனையாகப் படுகிறது. அங்கீகாரம் என்ற பெரிய வார்த்தையை ஒதுக்கி வைத்துவிட்டு, மூட்டையை யார் தோளில் மாற்றுவது என்ற சின்னக் கேள்விக்குப் பதில் கண்டார்கள்.

ஆபத்து இல்லாமல் இல்லை. 2013 பிப்ரவரியில் ஜில்வெகோசு வாசலிலேயே ஒரு வாகனம் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த டிசம்பரில் இஸ்லாமிய முன்னணி என்ற கூட்டணி, சுதந்திர சிரியப் படையின் கிடங்குகளை அங்கே கைப்பற்றியது. உடனே அமெரிக்காவும் பிரிட்டனும் வட சிரியக் கிளர்ச்சியாளர்களுக்குத் தந்துவந்த ஆயுதமல்லாத உதவியை நிறுத்தின. 2017 ஜூலையில் அஹ்ரார் அல்-ஷாமிடமிருந்து ஹயாத் தஹ்ரீர் அல்-ஷாம் கேட்டைப் பறித்தது. ஐந்து வருடத்தில் எத்தனை கை! ஒவ்வொரு கையும் லாரிக்குக் கட்டணம் வாங்கியது. அந்தப் பணத்தில் துப்பாக்கி வாங்கவில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பாதித் திறப்பின் உண்மையான விலை இதுதான், இதை மறைத்துவிட்டு அதைச் சிபாரிசு செய்வது நேர்மையில்லை.

2014 ஜூலை 14 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2165-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. டமாஸ்கஸில் இருந்த அசாத் அரசின் சம்மதம் இல்லாமலே பாப் அல்-ஹவா, பாப் அல்-சலாம், ரம்தா, யாருபியா என்ற நான்கு கேட்டுகள் வழியாக ஐ.நா. லாரிகள் போகலாம் என்றது. நல்ல முடிவு. ஆனால் கேட்டின் சாவி நியூயார்க்கில் ஒரு மேசைக்குப் போய்விட்டது. 2020 ஜனவரியில் ரஷ்யாவின் பிடிவாதத்தால் நான்கு இரண்டானது, ஜூலையில் இரண்டு ஒன்றானது. அப்புறம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தவணை. வடமேற்கு சிரியாவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அடுத்த மாத அரிசி, சுமார் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தூக்கப்படும் ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

2023 பிப்ரவரி 6. நிலநடுக்கம். இடிபாட்டுக்குள் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள், தோண்ட மெஷின் இல்லை. அனுமதி பெற்ற ஒரே கேட் பாப் அல்-ஹவா. அதற்குப் போகும் சாலையும் துருக்கிப் பக்கம் நொறுங்கிக் கிடந்தது. ஐ.நா.வின் முதல் லாரிகள் ஆறும் பிப்ரவரி 9 அன்றுதான் உள்ளே போயின. அதற்குள் அந்தக் கேட் வழியாக வேறொன்று போய்க்கொண்டிருந்தது: துருக்கியில் இறந்த சிரிய அகதிகளின் உடல்கள், சொந்த மண்ணில் புதைப்பதற்காக. உதவி வரும் முன் பிணங்கள் வந்தன. பக்கத்திலேயே பாப் அல்-சலாம் இருந்தது, அல்-ராயி இருந்தது. அவற்றைத் திறக்க அசாத்தின் சம்மதம் 13-ஆம் தேதிதான் வந்தது. ஒரு வாரம். இடிபாட்டுக்குள் ஒரு வாரம் என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஐ.நா.வின் நிவாரணத் தலைவர் மார்ட்டின் கிரிஃபித்ஸ் எல்லைக்கு வந்து, வடமேற்கு சிரிய மக்களைக் கைவிட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

இதில் துருக்கி செய்த பாதித் திறப்பு சரி என்பதே என் கருத்து. அந்தத் திறப்பைத் தவணைக் காகிதத்தில் கட்டிப்போட்டதுதான் தவறு. ஒன்றுக்குப் பதில் நான்கு கேட் திறந்தே இருந்திருந்தால் அந்த ஒரு வாரம் இப்படிப் போயிருக்காது.

கடிவாளமும் கடைத்தெருவும்: சீனா, தாய்லாந்து

சீனாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அதன் கணக்கு ஒளிவுமறைவு இல்லாதது. 2023 அக்டோபர் 27 அன்று மூன்று ஆயுதக் குழுக்கள் மியான்மரின் வட ஷான் பகுதியில் ஒரே நேரத்தில் தாக்கின. அவற்றில் ஒன்றான கொக்காங் படை சின்ஷ்வேஹாவ் கேட்டைப் பிடித்தது. சீன எல்லை வர்த்தகத்தில் பெரிய பங்கு அந்த வழியாகத்தான் நடந்தது. எல்லையோரத்து ஆன்லைன் மோசடிக் கும்பல்களை ஒழிக்க வேண்டும் என்று சீனாவும் விரும்பியதால் தொடக்கத்தில் கண்டும் காணாமல் இருந்தது. 2024 ஜனவரியில் குன்மிங்கில் உட்கார வைத்து ஒரு போர்நிறுத்தம். ஆகஸ்டில் அதே படை லாஷியோ நகரத்தைப் பிடித்ததும் சீனாவின் முகம் மாறியது. கேட்டுகள் மூடின, அக்கரைக்குப் போன மின்சாரமும் இணையமும் நின்றன. 2025 ஏப்ரலில் லாஷியோ ராணுவத்திடம் திரும்பப் போனது.

கடிவாளமாகப் பார்த்தால் இதைப் போல வேலை செய்த முறை வேறு இல்லை. ஆனால் கடிவாளம் படைத்தலைவர்கள் வாயில் மட்டும் இல்லை. உப்பும் பெட்ரோலும் வாங்கும் வீட்டுக்காரம்மா வாயிலும் அதே இரும்புதான். இந்தியாவுக்கு அந்த அளவுக்குப் பிடிமானமும் இல்லை. அதனால் இந்த வழியை நான் தள்ளிவிடுகிறேன்.

தாய்லாந்து நேர் எதிர். மயே சோட்டுக்கும் மியாவாடிக்கும் நடுவே மோய் ஆறு, அதன் மேல் இரண்டு நட்புப் பாலங்கள். 2024 ஏப்ரல் 11 வாக்கில் மியாவாடியின் கடைசிப் பெரிய ராணுவ முகாம் கரேன் படையிடம் விழுந்தது. தப்பிய சிப்பாய்கள் சுமார் 200 பேர் இரண்டாம் பாலத்துக்கு அடியில் ஒண்டிக்கொண்டார்கள். தாய்லாந்து கேட்டை முழுதாக அடைக்கவில்லை. அப்போதைய வெளியுறவு அமைச்சர், தேவைப்பட்டால் ஒரு லட்சம் பேரை ஏற்போம் என்றார். 20-ஆம் தேதி பாலத்தடியில் சண்டை மூண்டபோது 3,000 பேர் அக்கரையிலிருந்து வந்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். இது பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால் இரண்டு வாரத்துக்குள் நகரத்தில் ராணுவக் கொடி மறுபடி ஏறியது. ஏற்றிவைத்தது ராணுவத்தின் பலம் அல்ல. சா சிட் து என்ற எல்லைப்படைத் தலைவரின் தயவு. ஷ்வே கொக்கோ சூதாட்ட நகரத்தின் பின்னால் இருப்பவர் அவர். பிரிட்டன் ஏற்கெனவே அவர் மேல் தடை விதித்திருந்தது. யார் நின்றாலும் பரவாயில்லை என்று கேட்டைத் திறந்து வைத்தால் நடப்பது இதுதான். விதி போட்டவன் இல்லாத இடத்தில், கூடுதல் பணமும் துப்பாக்கியும் வைத்திருப்பவன் விதி போடுகிறான். தாய்லாந்து அதே வருடம் மார்ச்சில் தொடங்கிய நிவாரணப் பாதையிலும் இந்தக் குறை தெரிந்தது. பொருளை மியான்மர் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுத்தார்கள். அது ராணுவ ஆட்சியின் பிடியில் இருக்கும் அமைப்பு. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் குடும்பத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

நம் பாலம்

இனி சோக்கவ்தாருக்கு வருவோம். மிசோரமில் ஒரு பேச்சு உண்டு: மிசோரமின் பெரிய ஏரி மியான்மரில் இருக்கிறது என்பார்கள். ரிஹ் தில் என்ற அந்த ஏரி பாலத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். இறந்தவர்களின் ஆவி அதைத் தாண்டித்தான் மறுஉலகம் போகும் என்பது மிசோக்களின் பழைய நம்பிக்கை. செத்த பிறகு போகும் பாதைகூட எல்லையைத் தாண்டித்தான் போகிறது என்று நம்பிய மக்களிடம் போய்க் கேட்டை அடை என்றால் எப்படி அடைப்பார்கள்? 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு 30,000-க்கும் மேற்பட்ட சின் மக்களுக்கு மிசோரம் இடம் கொடுத்தது. ஒய்.எம்.ஏ. என்ற இளம் மிசோ சங்கத்தின் இளைஞர்கள் வீடு வீடாக அரிசி வாங்கிச் சோறு போட்டார்கள்.

டெல்லியின் போக்கு வேறு. எல்லையின் இரு பக்கமும் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாட்டை நீக்குவதாக 2024 பிப்ரவரியில் உள்துறை அறிவித்தது. 1,643 கிலோமீட்டர் எல்லை முழுக்க வேலி என்றது. அதே மாதக் கடைசியில் மிசோரம் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மணிப்பூரின் கவலை வேறு, மிசோரமின் கவலை வேறு. இரண்டுக்கும் ஒரே வேலியைப் பதிலாகக் கொடுத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

இந்த எல்லையைத் தமிழர்களுக்கும் தெரியும். 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்களில் சிலர், மறுபடி தரைவழியாகப் பர்மாவுக்குள் போக முயன்று, முடியாமல் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், தமுவோடு வியாபாரம் செய்தார்கள். கேட் திறந்தால் ஊர் பிழைக்கும், மூடினால் படுக்கும் என்பதை மோரேத் தமிழர் யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அடைக்கச் சொல்பவர்களின் வாதத்தையும் மறைக்க வேண்டாம். சோக்கவ்தார் வழியாகப் போதை மாத்திரையும் கள்ளத்தனமாகப் பர்மா பாக்கும் வருகின்றன. 2025 ஜூலை தொடக்கத்தில் இரண்டு சின் குழுக்களே ரிக்கவ்தாருக்காக ஒன்றையொன்று சுட்டன; சுமார் 4,000 பேர் மறுபடி ஆற்றைத் தாண்டினார்கள். கிளர்ச்சியாளர் எல்லாம் ஒரே குரலில் பேசுபவர்கள் இல்லை. பாப் அல்-ஹவாவில் நடந்தது இங்கேயும் நடக்கிறது. ஆனால் மாத்திரை, பாலம் திறந்திருப்பதால் வரவில்லை. ஆழமில்லாத ஆறு முழுக்க அதற்கு வழி இருக்கிறது. பாலத்தை அடைத்தால் நிற்பது நோயாளியும் பள்ளிப் பிள்ளையும்தான்.

ஆகவே என் தேர்வு, துருக்கியின் கோட்டு முறையும் மிசோரமின் திறந்த கையும் சேர்ந்தது. ஆட்களுக்குப் பாலம் எப்போதும் திறந்திருக்கட்டும். பெயரைப் பதிந்துகொள்ளலாம், திருப்பி அனுப்பக்கூடாது. மருந்து, தடுப்பூசி, அரிசி, எண்ணெய் ஆகியவற்றைப் பாலத்தின் நடுவில் லாரி மாற்றிக் கொடுக்கலாம், அதற்கு இரு பக்கமும் வரி கிடையாது என்று எழுதி வாங்கலாம். மற்ற சரக்குக்குக் கட்டணம் இவ்வளவுதான் என்று அக்கரைக்காரர்களோடு பேசி, பலகையில் எழுதி மாட்ட வேண்டும். துப்பாக்கிச் சண்டை தொடங்கினால் சரக்கு நிற்கும், ஆட்கள் வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டு குழு மோதினால், ஊர்ச் சபையும் சர்ச்சும் சேர்ந்த ஒரு குழுவோடு பேசலாம்.

கிளர்ச்சியாளர்களோடு பேசினால் நேப்பிடோவில் இருக்கும் மியான்மர் அரசு கோபித்துக்கொள்ளும் என்பார்கள். மிசோரமின் ராஜ்யசபை உறுப்பினர் வன்லல்வேனா 2024 பிப்ரவரியில் எல்லை தாண்டிப்போய் மியான்மரின் இன்னொரு கிளர்ச்சிக் குழுவான அரக்கன் படையினரையே சந்தித்துவிட்டு வந்தார். அதனால் உறவு முறிந்துவிடவில்லை. ஒரு கிளர்ச்சித் தலைவர் நாளை யார் ஆவார் என்பதும் நமக்குத் தெரியாது: பாப் அல்-ஹவாவைப் பிடித்துவைத்திருந்த அமைப்பின் தலைவர் அகமது அல்-ஷரா, 2025 ஜனவரியில் சிரியாவின் ஜனாதிபதி ஆனார்.

ஜோர்டானும் மாறியது. 2024 டிசம்பர் 6 அன்று நசீப் மறுபடி கிளர்ச்சியாளர் கையில் விழுந்தபோது, பழையபடி ஜாபிர் கேட்டை மூடியது. இந்தத் தடவை மூன்றரை வருடம் காத்திருக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டன.